கச்சான் மீது பழி போட்டது போதும்

கச்சான் வீசத் தொடங்கினால் எங்கள் ஊர்களில் ஒரு பல்லவியும் சேர்ந்தே தொடங்கும். "ஹெல்மட்டப் போட்டா காத்து தலையப் புடிச்சி இழுக்குது சேர், கழுத்து கழண்டுரும் போல." சொல்லிவிட்டு அதைப் பெற்றோல் டாங்கியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு போவார்கள். பொலிஸைக் கண்டால் மட்டும் அது தலைக்கு ஏறும். இன்னும் சிலர் பட்டியைப் பூட்டாமல் போடுகிறார்கள். விழும்போது முதலில் பறப்பது அந்த ஹெல்மட்தான்.

காரைதீவு, மாவடிப்பள்ளி தாண்டி அம்பாறைப் பக்கம் படிப்பிக்கப் போகிறவர்கள் நாங்கள். வயல்வெளியில் மேற்கிலிருந்து வரும் கச்சானை நேரே முகத்தில் வாங்குகிறோம். அந்த உலுக்கல் பொய் என்று சொல்ல வரவில்லை. காரணம்தான் பொய்.

சின்னக் கணக்கு ஒன்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்கு. 60 கிலோமீற்றரில் ஓடுகிறீர்கள், எதிரே 30இல் கச்சான் வருகிறது என்றால், தலை சந்திப்பது 90. விசை இரண்டே கால் மடங்கு. வேகத்தை 45க்கு இறக்கினால் அது 75 ஆகிவிடும், விசை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிடம் முந்திப் புறப்பட்டால் போதும். ஆனால் யார் புறப்படுகிறார்கள்!

அடுத்தது அளவு. தலையை ஆட்டினால் உள்ளே கழன்று சுற்றும் ஹெல்மட்டைக் காற்று இழுக்கத்தான் செய்யும். கன்னத்தை இறுக்கிப் பிடிக்கும், முகம் மூடிய ஹெல்மட்டைப் பட்டி பூட்டிப் போட்டு, கண்ணாடியையும் முழுதாக இறக்கிப் பாருங்கள். முன்னால் தொப்பி விளிம்பு நீட்டிய மாதிரி வேண்டவே வேண்டாம், அது காற்றுக்குக் கைபிடி.

கடைகளில் விற்கும் நெடிய பிளாஸ்டிக் வின்ட்ஷீல்ட் பற்றியும் பேச வேண்டும். "காத்தே படாது" என்று பூட்டி விடுகிறார்கள். நெஞ்சில் படாது, உண்மை. ஆனால் அதன் மேல் விளிம்பில் காற்று பிரிந்து சுழலாகிறது. தகட்டுக்குப் பின்னால் அமுக்கம் குறைவதால் அந்தச் சுழல் உள்ளே மடங்கி நேரே ஹெல்மட்டில் அடிக்கிறது. டமடமவென்று தலை ஆடுவது இதனால்தான். சீற்றில் கொஞ்சம் நிமிர்ந்தும் குனிந்தும் பாருங்கள், இரைச்சல் மாறும். நிமிர்ந்தால் குறைகிறதென்றால் தகட்டைக் கட்டையாக்குங்கள், தலை சுத்தமான காற்றில் இருக்கட்டும். அல்லது பூட்டும் இடத்தில் நாலு வொசர் வைத்து அடியில் இடைவெளி விடுங்கள். கீழிருந்து காற்று புகுந்தால் சுழல் தணியும். நாலு வொசருக்கு என்ன செலவு? இதைச் சொல்லிக் கொடுத்தால் கடைக்காரருக்கு அடுத்த தகடு விற்காது, அவ்வளவுதான்.

உடுப்பும் அப்படித்தான். ஊதிப் பறக்கும் சேர்ட் ஒரு பாய்மரம். ஸ்கூட்டியில் வரும் எங்கள் டீச்சர்மார் அபாயாவுக்கு மேல் மெல்லிய ஜெக்கட் ஒன்றைப் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். சில்லில் சிக்கும் பயமும் குறையும்.

அக்கரைப்பற்று வீதியில் கதை வேறு, அங்கே கச்சான் பக்கவாட்டில் அடிக்கும். நிந்தவூர் வீடுகளின் மறைப்பு முடிந்து களியோடைப் பாலம் வரும்போது திடீரென்று தள்ளும். லொறியைக் கடக்கும்போதும் அதே கதை. அந்த நேரத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பவர்தான் தள்ளாடுகிறார், ஏனென்றால் உடம்பின் ஆட்டம் கை வழியே சில்லுக்குப் போகிறது. முழங்காலால் டாங்கியை அணையுங்கள், முழங்கையை மடக்கி, கையைத் தளர விடுங்கள்.

பிள்ளையை டாங்கியில் முன்னால் இருத்திக் காற்றுக்கு மறைப்பாக்கும் வாப்பாமாருக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அந்தத் தலையில் ஹெல்மட்டே இல்லை. காலையில் எங்கள் கேற்றடியில் இறங்கும் பிள்ளைகளின் கண்கள் தூசியில் சிவந்திருக்கின்றன.

ஹெல்மட் கடை நானாமாரே, வருகிறவரிடம் என்ன நிறம் என்று கேட்க முன் தையல்காரரின் அளவு நாடாவை எடுத்துப் புருவத்துக்குச் சற்று மேலால் தலையைச் சுற்றி அளவுங்கள். சென்ரிமீற்றரில் வரும் அந்த இலக்கம் ஹெல்மட்டின் உள்ளே ஒட்டியிருக்கிறது.