எஞ்சின் போனால் வண்டி போயிற்றா?

சிரம்பானையடுத்த தெமியாங்கில், தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றின் பழைய புரோட்டோன் சாகா எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டால், "பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையை மிஞ்சும், பழைய இரும்புக் கடைக்குத் தள்ளுக" என்று அறிவுரை கூறுவோர் பலர். இது கணக்கறியார் கூற்று. சந்தை விலை விற்பவனுக்கு உரியது. ஓட்டுபவன் பழுதுச் செலவை ஒப்பிடவேண்டியது, புதுக் காருக்கு 9 ஆண்டுவரை நீளும் மாதத் தவணையோடு அன்றோ?

எஞ்சின் பழுதெல்லாம் ஒரு தன்மையதன்று. ரேடியேட்டர் ஒழுகிச் சூடேறி எஞ்சின் தலைப்பகுதி சற்றே வளைந்திருப்பின், பட்டறையில் அதனைச் சமன்செய்து புதிய கேஸ்கட் இட்டால் பெரும்பாலும் போதும். எஞ்சின் பிளாக்கே வெடித்திருப்பின், பயன்படுத்திய எஞ்சினொன்றைப் பொருத்தி, சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலோடு எஞ்சின் எண்ணை மாற்றிப் பதியலாம். அடிச்சட்டம் துருவேறி உளுத்திருப்பின் கைவிடுதலே அறிவுடைமை. அங்கே உயிர் பெரிது.

2009இல் அரசு, 10 ஆண்டு கடந்த காரை ஒப்படைத்துப் புதிய உள்நாட்டுக் கார் வாங்குவோர்க்கு 5,000 வெள்ளி கழிவு வழங்கியது. அவ்வாண்டே, 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் சோதனை கட்டாயம் என அறிவித்து, மக்கள் எதிர்ப்பால் திரும்பப் பெற்றது. கழிவு யாருக்குப் பயன்பட்டது? எஞ்சிய விலைக்குத் தவணை செலுத்த வல்லார்க்கே! நாட்கூலிக்காரருக்கு அது எட்டாக்கனி.

1985இல் வெளிவந்தபோது நாட்டின் பெருமையெனப் போற்றப்பெற்ற சாகா, ஏழையின் வாசலில் நிற்கும்போது மட்டும் இழிவாகுமா? பழுதுபார்த்தல் கஞ்சத்தனமன்று, கடனுக்கு அடிமையாகாத மானம்.