சிவில் படித்தவர்களுக்கு மட்டும்தானா போக்குவரத்துப் படிப்பு?

போக்குவரத்துப் பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்குச் சேர்க்கை விதி வகுக்கும் பெருமக்களுக்கு,



நான் புள்ளியியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். போக்குவரத்து ஆலோசனை நிறுவனங்களுக்காகக் கள ஆய்வு செய்வது என் தொழில். சந்திப்புகளில் நின்று வண்டிகளை வகை பிரித்து எண்ணுவோம். வீடு வீடாகப் போய், நேற்று யார் யார் எங்கே போனீர்கள், எதில் போனீர்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டு எழுதுவோம். நெடுஞ்சாலையில் லாரிகளை ஓரங்கட்டச் சொல்லி, எங்கிருந்து எங்கே சரக்குப் போகிறது என்று விசாரிப்போம். மெட்ரோ பாதைக்கும் மேம்பாலத்துக்கும் போடப்படும் கணக்கெல்லாம் இந்தப் படிவங்களிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொள்ள விரும்பி எம்.டெக். படிப்புக்கு விண்ணப்பித்தேன். பி.இ. சிவில் இல்லை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பம் திரும்பி வந்தது. என் மதிப்பெண்ணை யாரும் பார்க்கவில்லை, ஒரு தேர்வு வைத்துப் பார்ப்போம் என்றுகூட யாரும் நினைக்கவில்லை. எனக்கென்று ஓர் இடம் கேட்டு இதை எழுதவில்லை. விதியை மாற்றுங்கள் என்று கேட்கிறேன்.

எம்.இ., எம்.டெக். சேர, தொடர்புடைய துறையில் பட்டம் வேண்டும் என்கிறது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம். எந்தத் துறை தொடர்புடையது என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். போக்குவரத்துப் பொறியியலுக்கு உங்களில் பெரும்பாலோர் சிவிலை மட்டுமே ஏற்கிறீர்கள். அதன்பின் கேட் தேர்வு. சிவில் தாளின் பாடத்திட்டத்தில் கணிதம், கட்டமைப்பு, மண்ணியல், நீர்வளம், சுற்றுச்சூழல், போக்குவரத்து, நில அளவை என்று ஏழு பகுதிகள். போக்குவரத்து அந்த ஏழில் ஒன்று. அதற்குள்ளும் சாலை வளைவு, தண்டவாள அமைப்பு, விமான ஓடுபாதையின் நீளம், தார்ச்சாலையின் தடிமன் ஆகியவைதான் முன்னால் நிற்கின்றன. சிக்னல் நேரக் கணக்கும் வாகன ஓட்டமும் விபத்து ஆய்வும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பயணத் தேவையை முன்கணிப்பதும் பேருந்துத் தடம் வகுப்பதும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு குடும்பம் பஸ்ஸை விட்டு ஸ்கூட்டருக்கு ஏன் மாறுகிறது என்று ஆராய வருகிறவர், முன்தகைவு கான்கிரீட்டிலும் அடித்தளத்தின் தாங்குதிறனிலும் மற்றவர்களை முந்திக் காட்டினால்தான் வகுப்பறைக்குள் நுழைய முடிகிறது.

உங்கள் பாடத்திட்டத்தையே எடுத்துப் பாருங்கள். நெரிசலான சாலையில் வாகனங்கள் அலையலையாகத் தேங்குவதை விளக்கும் கோட்பாட்டை 1955-ல் தந்த லைட்ஹில்லும் விட்ஹாமும் கணிதவியலாளர்கள். ஆறுகளில் வெள்ளம் நகர்வதை ஆராய்ந்த அதே கணிதத்தைத்தான் அவர்கள் சாலைக்குப் பயன்படுத்தினார்கள். நெரிசல் நேரத்துக்குக் கட்டணம் விதிக்கலாம் என்று வாதாடிய வில்லியம் விக்ரி பொருளியலாளர். டேனியல் மெக்ஃபேடன் இளநிலையில் இயற்பியல் படித்து, பின் பொருளியலுக்கு வந்தவர். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பார்ட் ரயில் வரவிருந்த நேரத்தில், மக்கள் எந்த வாகனத்தைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு அவர் லாஜிட் எனப்படும் ஒரு கணித மாதிரி அமைத்தார். பயணிகளில் 15 சதவீதத்தினர் ரயிலுக்கு வருவார்கள் என்றது அதிகாரபூர்வக் கணிப்பு. 6.3 சதவீதம் என்றது அவர் கணிப்பு. ரயில் ஓடத் தொடங்கியபின் வந்தவர்கள் 6.2 சதவீதம். 2000-ல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த லாஜிட் மாதிரியைத்தான் இன்றும் உங்கள் வகுப்பறையில் கற்பிக்கிறீர்கள். மெக்ஃபேடன் இன்று இளைஞராக உங்களிடம் விண்ணப்பித்தால் உள்ளே விடமாட்டீர்கள்.

இவர்களெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் என்று ஒதுக்கவும் முடியாது. இந்தியாவில் சாலைப் பாதுகாப்பை ஓர் அறிவியலாக நிலைநிறுத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர், டெல்லி ஐ.ஐ.டி.யின் தினேஷ் மோகன். 2021-ல் மறைந்த அவர் இளநிலையில் படித்தது மெக்கானிக்கல், முனைவர் பட்டம் உயிரிப் பொறியியலில். அடிபடும் உடலைப் பற்றிய அறிவிலிருந்து சாலைக்கு வந்தவர் அவர். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இதைக் குறைக்க மருத்துவம் தெரிந்தவரும் வேண்டும், உளவியல் தெரிந்தவரும் வேண்டும், எண்களை நம்பத்தக்க வகையில் அலசத் தெரிந்தவரும் வேண்டும்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பும் எனக்குத் தெரியும். தார்க்கலவையும் பாலமும் தெரியாதவரிடம் சாலையை எப்படி ஒப்படைப்பது? நியாயமான கேள்வி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 37 வழிகாட்டுநெறிப்படி சாலைத் தளம் வடிவமைக்கப் போகிறவர் சிவில் படித்திருக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் சாலைத் தளமும் பயணத் தேவையும் ஒரே பட்டத்துக்குள் இருப்பதால், முதலாவதற்கான தகுதியை இரண்டாவதற்கும் கட்டாயமாக்குவது எப்படி முறையாகும்? மறுபக்கத்தையும் பாருங்கள். மேக்ஸிமம் லைக்லிஹூட் என்னும் புள்ளியியல் மதிப்பீட்டு முறையை இளநிலையிலேயே நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் படிக்கிறோம். லாஜிட் மாதிரிக்கு அதுதான் அடிப்படை. சிவில் படித்து வருகிறவர்கள் பலர் அதை முதன்முதலாக உங்கள் வகுப்பில்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் சொல்லித்தருகிறீர்கள், அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். சாலை வடிவியலை எங்களுக்கும் அப்படியே சொல்லித்தர முடியும்.

திட்டமிடல் படிப்புக்குப் போகலாமே என்பார்கள். டெல்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி போன்ற இடங்களில் புவியியல், பொருளியல், சமூகவியல் படித்தவர்களுக்கு இடமுண்டு. ஆனால் அதற்கு முதுகலை முடித்திருக்க வேண்டும். ஒரு முதுகலை முடித்துவிட்டு இன்னொரு முதுநிலை படிக்க எத்தனை வீடுகளில் வசதி இருக்கிறது? 2024-ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முதுநிலைச் சட்டகம், அறிவியலில் நான்காண்டு இளநிலை படித்தவர்கள் நெருங்கிய துறைகளில் எம்.டெக். சேரலாம் என்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் பி.எஸ்சி. மூன்றாண்டுதான். அரசுக் கலைக் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகையாலும் பயனில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் 1966-லேயே போக்குவரத்துக்கென்று தனி நிறுவனம் தொடங்கி, பல துறையினரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பயிற்றுவிக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் போக்குவரத்துப் பொறியியலையும் நகரத் திட்டமிடலையும் ஒருசேரப் படித்து இரண்டு பட்டங்களும் பெறலாம். நம் நாட்டிலும் தேவை கண்முன் நிற்கிறது. வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை அறிவித்துவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதனால் எந்தப் பெண் எந்த வேலைக்குப் போக முடிந்தது, எந்தத் தடத்தில் இன்னும் பஸ் போதவில்லை என்பவற்றைக் கான்கிரீட் பாடம் சொல்லித்தராது. வீட்டு வாசலில் நின்று அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதியவர்களுக்கு, அதை அலசும் இடத்திலும் ஒரு நாற்காலி வேண்டும்.

நான் கேட்பவை இவை. சாலைத் தளம் சார்ந்த பிரிவுக்குச் சிவில் தகுதியை வைத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துத் திட்டமிடல், பொதுப் போக்குவரத்து, சாலைப் பாதுகாப்புப் பிரிவுகளைக் கணிதம் அல்லது புள்ளியியல் படித்த எல்லாப் பட்டதாரிகளுக்கும் திறந்துவிடுங்கள். கணிதம், புள்ளியியல், அடிப்படைப் பொருளியல், பயணத் தரவு ஆகியவற்றில் ஒரு நுழைவுத் தேர்வு வையுங்கள், கடினமாகவே வையுங்கள். தேறியவர்களுக்கு நில அளவை, சாலை வடிவியல், இயக்கவியல் அடங்கிய ஓர் ஆயத்தப் பருவத்தைக் கட்டாயமாக்குங்கள். அந்தப் பருவத்துக்கும் உதவித்தொகை கொடுங்கள். கேட் தேர்ந்து எம்.டெக். படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பணம் இல்லாமல் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வர எங்களைப் போன்றவர்களால் முடியாது.

அடுத்த சேர்க்கை அறிவிக்கை வெளியாகும் முன் இதை உங்கள் கல்விக் குழுவின் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
போக்குவரத்துக் கள ஆய்வாளர் ஒருவர்