தீவில் ஆறு மணி நேரம்... ஒரே ஒரு இடம் போதுமே!

எங்கள் கேளம்பாக்கம் டீக்கடையில் ஒரு பழைய கிண்டல் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையில் டூரிஸ்ட் பஸ் போனால் போதும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யாராவது ஆரம்பித்து விடுவார்: "ஆயிரத்து முந்நூறு வருஷமா நிக்கிற கல்லு... அதை அரை மணியில பாத்துட்டுத் திரும்பிடுவாங்க பாரு!"

நிஜம்தான். அர்ச்சுனன் தபசுக்குப் பத்து நிமிஷம், ஐந்து ரதத்துக்குப் பத்து நிமிஷம், கடற்கரைக் கோயிலுக்கு முதுகைக் காட்டி ஒரு போட்டோ. வெயிலில் முகம் சிவந்து, பாட்டில் தண்ணீர் தீர்ந்து, பஸ்ஸில் ஏறியதும் தூங்கி விடுவார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் நானே அப்படி ஒரு பஸ்ஸில் ஏறினேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த வருஷம், 2023 ஜூன் 5-ல், இலங்கைக்கே கப்பல் விட்டார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று நிறுத்தங்கள். அந்த வருஷமே நாங்கள் குடும்பமாக ஏழு பேர் கிளம்பினோம். என் அண்ணனுக்கு அப்போது வயது அறுபத்தாறு. பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை, ஊசி எல்லாம் ஒழுங்காகப் போட்டுக் கொள்பவர். அண்ணி அதில் ராணுவக் கண்டிப்பு!

கப்பலுக்குள் ஒரு குறையும் இல்லை. பிரச்னை கப்பல் நின்ற இடத்தில்தான் வந்தது. அதற்குக் காரணம் கப்பல்காரர்களும் இல்லை, தீவும் இல்லை. என் மகள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்த பட்டியல்!

திருகோணமலையில் எங்களுக்குக் கிடைத்தது சுமார் ஆறு மணி நேரம். பட்டியலைக் கேளுங்கள். சுவாமி மலை மேல் திருக்கோணேஸ்வரம். பக்கத்திலேயே இராவணன் வெட்டு. கீழே கோட்டையில் திரிகிற புள்ளிமான்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. பிறகு நிலாவெளிக் கடற்கரை. நேரம் இருந்தால் அங்கிருந்து படகில் புறாத் தீவு. கடைசியாகக் கடைத்தெரு. "எல்லாம் கவர் பண்ணிடலாம்ப்பா" என்றாள். நானும் தலையாட்டினேன். இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே, ஒன்றைக் கூட விடக் கூடாதே என்கிற நப்பாசைதான்.

புறாத் தீவைத் தவிர எல்லாமே பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வதை விட, தொட்டுவிட்டு ஓடினோம் என்பதே சரி. சம்பந்தர் பாடிய தலத்தில் நின்றபோது கூட என் கண் கைக்கடிகாரத்தில்தான் இருந்தது.

அன்று ராத்திரி கப்பல் அறையில் அண்ணனின் சாக்ஸைக் கழற்றிய அண்ணி, "ஏங்க... காலெல்லாம் என்னங்க இது?" என்று அலறினார். இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளம்! ஒன்று உடைந்து தோல் உரிந்தே போயிருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "அப்படியா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" என்றார்.

அந்த "ஒண்ணுமே தெரியலையே"தான் ஆபத்து. பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்புகள் மெள்ள மரத்துப் போகின்றன. நமக்கு ஒரு விநாடியில் 'ஆ'வென்று காலை எடுக்க வைக்கிற சூடு, அவர்களுக்கு வெதுவெதுப்பாகக் கூடத் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவதற்கும் நாளாகும். அன்று அண்ணன் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் மலைக்கோயிலைச் சுற்றினார். கன்னியாவில் எல்லோரையும் போல வாளி வாளியாக வெந்நீரை ஊற்றிக் கொண்டார். நிலாவெளி மணலில் வெறுங்காலோடு நடந்தார். எது சுட்டது? இன்று வரை எங்களுக்குத் தெரியாது. ஊர் திரும்பி, டாக்டரிடம் நடையாய் நடந்து, அந்தப் புண் ஆற இரண்டு மாசம் ஆயிற்று.

அதனால் நான் சொல்வது இதுதான். கப்பல் நிற்கிற தீவில் ஒரே ஒரு இடம் போங்கள். எந்த இடம் என்பதைக் குடும்பத்தில் யாருக்கு உடம்பு ரொம்ப முடியாதோ, அவர் முடிவு செய்யட்டும். பத்து வயசுப் பையனுக்கு ஈடு கொடுத்து அறுபத்தாறு வயசுக்காரர் ஓட முடியாது. ஆனால் அறுபத்தாறு வயசுக்காரரின் நடைக்குப் பையன் நடக்கலாம். நடந்தால் அவனுக்கும் நாலு விஷயம் கண்ணில் படும்.

"ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி ஒரே ஒரு இடமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இறங்க வரிசை, பஸ்ஸுக்கு வரிசை, திரும்பி ஏற வரிசை. ஆறு மணி நேரத்தில் கையில் நிற்பது நாலு மணி நேரம். அதை ஐந்தாகப் பங்கு போட்டால் வழியில்தான் முக்கால்வாசி போகும். தனியாக வண்டி பிடித்துப் போகிறவர்களுக்கு இன்னொரு கவலை. பஸ் பஞ்சராகி நீங்கள் நேரம் தவறினால் கப்பல் உங்களுக்காக நிற்கும் என்று நம்பிக் கொண்டிருக்காதீர்கள். அந்தப் பதற்றமே ரத்தக் கொதிப்பை ஏற்றப் போதும்.

இறங்கும்போதே உடம்பு பாதி களைத்திருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ராத்திரி கப்பல் ஆடியிருக்கும், சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். தரையில் கால் வைத்ததும் தரையே ஆடுகிற மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், அநேகம் பேருக்குக் கொஞ்ச நேரத்தில் சரியாகி விடும். ஆனால் அந்தத் தள்ளாட்டத்தோடு வயசானவர்களைப் படிக்கட்டில் ஏற்றாதீர்கள். துறைமுகத்திலேயே எங்காவது நிழலில் அரை மணி உட்கார வையுங்கள்.

வாந்தி வராமலிருக்கப் போட்டுக் கொள்கிற மாத்திரையையும் கவனியுங்கள். அவற்றில் பல, தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும். சிலது வியர்ப்பதையும் குறைக்கும். வியர்வை குறைந்தால் உடம்புச் சூடு எப்படி வெளியேறும்? ரத்தக் கொதிப்புக்காக நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் இன்னும் சீக்கிரம் வறண்டு போவார்கள். கிளம்புவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டிக் கேட்டுக் கொள்வது நல்லது. வெயிலில் யாராவது பிதற்ற ஆரம்பித்தால், நடை தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், அது சாதாரண மயக்கம் இல்லை. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக் கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பெண்களிடம் ஒரு வார்த்தை. சுற்றுலா என்றாலே நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி விடுகிறார்கள். 'போகிற இடத்தில் பாத்ரூம் எப்படி இருக்குமோ' என்கிற பயம். என் மனைவியும் அன்று காலை ஒரு வாய் காபியோடு சரி. விளைவு, மறுநாள் நீர்க்கடுப்பு! ஒரே இடம் என்றால் அங்கே கழிப்பறை எங்கே என்று முதலிலேயே விசாரித்து வைத்துக் கொள்ளலாம். தைரியமாகத் தண்ணீரும் குடிக்கலாம். ஐந்து இடத்தில் இது நடக்குமா, சொல்லுங்கள்?

குடிக்க என்ன? கையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். இது வயிற்றுப்போக்கில் வறண்டு போகிறவர்களுக்கானது. சும்மா தாகத்துக்குச் சர்க்கரைக்காரர்கள் குடிக்கக் கூடாது. அவர்களுக்குத் தண்ணீரே நல்லது. இலங்கையில் செவ்விளநீரைத் 'தம்பிலி' என்று விற்கிறார்கள். கண் முன்னால் சீவித் தருவதால் பயமில்லாமல் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீர் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். வெட்டி வைத்த பழத்தைத் தொடாதீர்கள். கப்பலுக்குத் திரும்பியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவுகிற வாந்தி பேதிக் கிருமியை வெறும் சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை.

எங்கள் ஊர் உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே வேலை செய்கிறவர்கள் இருட்டோடு பாத்தியில் இறங்கி, வெயில் உறைக்கிறதற்குள் கரையேறி விடுவார்கள். உச்சி வெயிலில் உப்பின் மேல் நிற்க அவர்கள் என்ன பைத்தியமா? சம்பளம் வாங்குகிறவருக்கே தெரிந்த இந்த நியாயம், காசு கொடுத்து வெயிலில் நிற்கிற நமக்குத் தெரிவதில்லை.

சரி, அடுத்த நாள் கதைக்கு வருகிறேன். காங்கேசன்துறை. மகளின் பட்டியலில் நல்லூர், யாழ்ப்பாண நூலகம், கோட்டை, குறிகட்டுவான் போய்ப் படகேறி நயினாதீவு! அண்ணன் காலில் கட்டுப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. மகளே அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கீரிமலை. அங்கே மட்டும் போனோம்.

கடலை ஒட்டி ஒரு கேணி. இடையில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்புக் கடல், இந்தப் பக்கம் நன்னீர் ஊற்று! யாழ்ப்பாணத் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதன் துளைகளில் இறங்கி, அடியிலிருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து, கரையோரம் ஊற்றாக வெளியே வருகிறது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் கடற்கரைப் பக்கம் பல இடங்களில் போர் போட்டால் உப்புத்தான். பக்கத்து நெம்மேலியில் 2013 முதல் ஆலை வைத்துக் கடல் தண்ணீரைக் குடிநீராக்குகிறார்கள்!

ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்குத் தனியாக மறைவாக ஒன்று. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே குளித்து முகம் மாறியதாகவும், அதன் பிறகுதான் பக்கத்து மாவிட்டபுரம் முருகன் கோயில் எழுந்ததாகவும் கதை. கதை கதையாக இருக்கட்டும். கேணியில் முழுகினால் சர்க்கரை இறங்காது. பலர் குளிக்கிற தண்ணீர் என்பதால் புண் உள்ளவர்கள் இறங்கவே கூடாது. பாசி பிடித்த படியில் குழந்தைகளின் கையை விடக் கூடாது. அண்ணன் சுவரோரம் நிழலில் உட்கார்ந்தார். நாங்கள் இறங்கினோம்.

நானும் அவசர அவசரமாக இரண்டு முழுக்குப் போட்டுவிட்டு ஏறப் பார்த்தேன். பழக்க தோஷம்! பக்கத்தில் குளித்துக் கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "எங்கை தம்பி ஓடுறியள்? இந்தக் கேணியிலை குளிக்க நான் இருவது வருசம் காத்திருந்தனான். ஆறுதலாக் குளியுங்கோ."

1990-லிருந்து பல வருஷங்கள் அந்தப் பகுதி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். ஊர்க்காரர்களே தங்கள் வீட்டுப் பக்கம் போக முடியாமல் இருந்தார்கள். அவர் அதைப் பெரிதாகச் சொல்லிக் கொள்ளவில்லை. நான் மறுபடி இறங்கினேன். ஒரு மணி நேரம் தண்ணீரிலேயே இருந்தேன். நான் ஏறி வந்தபோது அவரும் அண்ணனும் நுங்கு சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். அவருக்கும் சர்க்கரையாம். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "அங்கையும் இதே மாத்திரைதானோ?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மூன்று ஊர் பார்த்தோம். வீட்டில் எல்லோரும் பேசுவது கீரிமலையைப் பற்றித்தான். நல்லூர் பார்க்கவில்லையே என்று மகளுக்குக் கொஞ்சம் குறை. அதற்கு இன்னொரு தடவை போகலாம். இப்போது நாகப்பட்டினத்திலிருந்தும் 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட ஆரம்பித்தார்களே!

ஒரு விஷயம் மட்டும் அந்தப் பயணத்திலிருந்து எங்கள் வீட்டில் நிலைத்து விட்டது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி டார்ச் விளக்கோடு வருவார். "காலைக் காட்டுங்க" என்பார். அண்ணன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு காலையும் ஸ்டூல் மேல் தூக்கி வைப்பார்.