புளியமரத்தடியில் வந்து சொல்லுங்கள்

"காலம் கெட்டுப்போச்சு சார். ஒருத்தன் அடிபட்டு உயிருக்குப் போராடினாலும் சுத்தி நின்னு வீடியோ எடுக்கிறாங்க. மனிதாபிமானம்லாம் செத்துப்போச்சு." போன வாரம் மாரேட்பள்ளியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. எதிர் வரிசையில் நாலைந்து தலைகள் உடனே ஆடின. எனக்குப் பாயசம் இறங்கவில்லை. டிவி விவாதம், வாட்ஸ்அப் குழு, சலூன் நாற்காலி என்று எங்கே போனாலும் இதே புலம்பல். சொல்பவர் எவரும் தன்னையும் சேர்த்துச் சொல்வதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? செத்துப்போனது எப்போதும் அடுத்தவருடைய மனிதாபிமானம்தான்.

இவர்களைக் கையைப் பிடித்து ஹைதராபாத் அப்சல்கஞ்சுக்கு இழுத்துப்போக வேண்டும். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் பழைய புளியமரம் ஒன்று நிற்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி பொங்கி ஊருக்குள் புகுந்தது. பாலங்கள் போயின, தெருத்தெருவாக வீடுகள் சரிந்தன, 15,000 பேர் வரை மாண்டதாகச் சொல்கிறார்கள். அந்த மரத்தில் ஏறி உயிர் பிழைத்தவர்கள் மட்டும் சுமார் 150 பேர்.

நூற்றைம்பது பேர்! ஒரே மரத்தில்! கீழே ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. அடிமரம் ஈரத்தில் வழுக்குகிறது. மேலே இருப்பவன் கை நீட்டாமல் கீழே தவிப்பவன் எப்படி ஏறியிருப்பான்? கிளையில் இடம் பிடித்தவன் ஒடுங்கி உட்காராமல் அடுத்தவனுக்கு இடம் எப்படிக் கிடைத்திருக்கும்? ஆபத்து வந்தால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்பது உண்மையானால், முதலில் ஏறிய பத்துப் பேர் அடுத்து வந்தவர்களை உதைத்துத் தள்ளியிருப்பார்கள். மரம் பத்துப் பேரைத்தான் காப்பாற்றியிருக்கும்.

ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டதை இந்த ஊர் இன்றும் நன்றியோடு சொல்கிறது. அடுத்த ஆண்டு பொறியாளர் விஸ்வேசுவரய்யா வந்தார், அவர் யோசனைப்படி உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் பின்னால் எழுந்தன. எல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. கிளையிலிருந்து கை நீட்டியவன் பெயர் எங்கே இருக்கிறது? அரசன் செய்தால் கருணை, பொறியாளர் செய்தால் சாதனை, பெயர் தெரியாதவன் செய்தால் அது நடக்கவே இல்லை. இப்படி எழுதிவைத்த கணக்கைப் படித்துவிட்டுத்தான் மனிதாபிமானத்துக்குக் கருமாதி செய்யக் கிளம்புகிறார்கள்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். சரி, இந்தக் காலத்துக்கே வருவோம். 2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. சார்மினாருக்குப் பக்கத்தில் குல்சார் ஹவுஸில், கீழே முத்துக் கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடத்தில் தீ. 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். அந்தப் பக்கத்து வளையல் வியாபாரிகள், முஸ்லிம் இளைஞர்கள், ஷட்டரை உடைத்து, சுவரை இடித்துப் புகைக்குள் போனார்கள். உள்ளே இருந்தது ஓர் இந்துக் குடும்பம். போனவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் போனார்கள். பழைய நகரத்தின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற நம் அடுக்குமாடிக் கனவான்கள் இதை எத்தனை பேருக்குப் பகிர்ந்தார்கள்? எதிர்வீட்டுக்காரரின் விருந்தாளிகூடச் செயலியில் அனுமதி வாங்கித்தான் படியேற வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டு வாழ்பவர்கள், ஊரில் அன்பு வற்றிவிட்டது என்று கவலைப்படத் தேவையில்லை.

சாலை விபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தார்நாகா பக்கம் பைக் சறுக்கி ஒருவர் விழுந்தால் என்ன நடக்கிறது? டீக்கடைப் பையன் தண்ணீர்ச் செம்போடு ஓடிவருகிறான். ஒருவர் வண்டியை ஓரம் தள்ளிச் சாவியை எடுத்து வைக்கிறார். ஒருவர் விழுந்தவரின் போனை வாங்கி 'அம்மா' என்றோ 'வீடு' என்றோ பதிந்த எண்ணைத் தேடுகிறார். ஆட்டோக்காரர் சவாரியை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிறார். செல்போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். படம் அவர்கள் கையில் இருப்பதால் ஊர் முழுவதும் அவர்களைப் போல ஆகிவிடுமா? தண்ணீர் கொடுத்தவன் கையில் செம்பு இருந்தது, கேமரா இல்லை.

படம் மட்டுமல்ல, செய்தியும் இப்படி ஏமாற்றுவதுண்டு. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. மனோதத்துவப் பாடமாகவே அதை வைத்து உலகம் படித்தது. அந்தச் செய்தி பிழையானது என்று 2016இல் அதே பத்திரிகை ஒப்புக்கொண்டது. அரை நூற்றாண்டு ஓடிய பிறகு! நம்மூர்ச் சேனல்களிடம் அந்த ஒப்புதலைக்கூட எதிர்பார்க்க முடியாது.

தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள், உண்மைதான். அந்தத் தயக்கத்தை வளர்த்தது யார்? அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் "நீ யார், என்ன உறவு, பணம் யார் கட்டுவது" என்று கேட்ட கவுன்ட்டர்கள். சாட்சி என்று சொல்லி ஸ்டேஷனுக்கு நடையாக நடக்கவிட்ட அதிகாரம். உதவியவரைத் துன்புறுத்தக் கூடாது என்பதற்கு 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரவேண்டியிருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்க்கவேண்டியிருந்தது. உதவுகிறவருடைய உரிமைகளை இந்தி, ஆங்கிலம், மாநில மொழி மூன்றிலும் எழுதி, மருத்துவமனை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கவேண்டும் என்று 2020இல் விதியும் வந்தது.

பந்தியில் தலையாட்டிய பெரியவர்கள் அடுத்த முறை ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது, அந்தப் பலகை எங்கே என்று வரவேற்பு மேசையில் கேட்கட்டும். இல்லை என்றால் எழுத்தில் புகார் கொடுக்கட்டும்.