வலியை அளப்பது எப்படி?

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. வலியை அளக்கும் கருவியோ இல்லை. துன்புறுபவரைக் கேட்டே அதனை அறிதல் வேண்டும். ஆதலால் மருத்துவர்கள், "வலியே இல்லையெனில் சுழியம்; தாங்க இயலாத வலியெனில் பத்து. உங்கள் வலி எத்தனை?" என வினவுகின்றனர். சிறுவர்களுக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு படங்களைக் காட்டுவதும் உண்டு.

இம்முறை பயனுடையதே. நேற்று எட்டாக இருந்த வலி இன்று நான்கானால், துன்பம் தணிகிறது என அறியலாம். ஆயினும் அந்த ஓர் எண்ணோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பதே என் கருத்து.

முழங்கால் வலியுடைய முதியோர் இருவர் 'ஆறு' என்றே கூறுவதாகக் கொள்வோம். ஒருவர் நன்கு உறங்குகிறார். மாலையில் நண்பர்களோடு உரையாடி மகிழ்கிறார். மற்றவர் உறக்கம் இழந்தார். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் செல்வதை நிறுத்தினார். 'பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்டேனே' என்று உள்ளுக்குள் மறுகுகிறார். எண் ஒன்றே, துன்பம் ஒன்றன்று.

1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், இவ்வுண்மையை 'முழு வலி' என்னும் கருத்தால் விளக்கினார். உடல், மனம், சமூக உறவு, ஆன்மா ஆகிய நான்கையும் வலி தாக்கும் என்பது அதன் பொருள். நம் நாட்டில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவப் பணி, பின்னர்க் கேரளமெங்கும் பரவியது. தன்னார்வலர்கள் நோயாளரின் இல்லம் தேடிச் சென்று, அவருடைய மனக்கவலையையும் குடும்ப நிலையையும் கேட்டறிகின்றனர்.

நம் ஹேவ்லாக் தீவில் இதற்கு மற்றொரு தடையும் உண்டு. அது மொழி. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி, "இரவெல்லாம் குடைகிறது, காலையில் கடுக்கிறது, நடந்தால் சுரீரென்று இழுக்கிறது" என்பார். உடன் செல்லும் பேரனோ, "பாட்டிக்குக் கால் வலி" என்று இந்தியில் இரண்டு சொல்லில் முடித்துவிடுவான். குடைச்சல், கடுப்பு, இழுப்பு, எரிச்சல், குத்தல் என்பன வெவ்வேறு வலிகள். அவற்றை ஒன்றாக்கினால், மருத்துவருக்கு உதவும் குறிப்புகள் வழியிலேயே தொலைந்துவிடும்.

மருத்துவமனையில் கூட்டம் மிகுதி, இவற்றையெல்லாம் கேட்க நேரம் ஏது எனச் சிலர் கூறுவர். அது உண்மையே. ஆனால் வீட்டில் நமக்கு நேரம் உண்டு. புறப்படுமுன் பாட்டியின் அருகில் அமர்ந்து, "வலி எப்படி இருக்கிறது? உறங்கினீர்களா? வலியால் எதைச் செய்ய முடியவில்லை? மனத்தில் அச்சம் உண்டா?" எனக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர் கூறியதைக் குறைக்காமல் மருத்துவரிடம் கூறலாம்.

தமிழ் நமக்குத் தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று. நம் வீட்டு முதியோரின் வலியை அறிய நம்மிடம் உள்ள அளவுகோலும் அதுவே.