அடுப்படிக்குப் பக்கத்தில் ஓர் ஓவியர்



"கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா வரைவேன். இப்ப எங்கே நேரம்?" இப்படிச் சொல்லும் ஒருவராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். அவருக்காகத்தான் இந்த மாதம் ஓவியர் லியோனோரா காரிங்டனைப் பற்றி எழுதத் தோன்றியது.

1917ல் இங்கிலாந்தின் லங்காஷயரில், பெரிய ஜவுளி ஆலை முதலாளியின் மகளாகப் பிறந்தவர். நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று வீட்டில் திட்டம். பெண்ணுக்கோ ஓவியம்தான் வேண்டியிருந்தது. 20 வயதில், தன்னைவிட மிகவும் மூத்த ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டோடு பிரான்சுக்குப் போய்விட்டார். கனவில் வருவதை வரையும் சர்ரியலிஸ்டுகளின் கூட்டம் அது. அந்தக் கூட்டத்து ஆண்கள் பலருக்கும் பெண் என்றால் அழகான தூண்டுகோல், அவ்வளவுதான். லியோனோரா அந்த வேஷத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

போர் வந்தது. எர்ன்ஸ்டைச் சிறைப்பிடித்தார்கள். ஸ்பெயினுக்குத் தப்பி ஓடிய லியோனோராவின் மனம் நொறுங்கிப்போனது. 1940ல் சாந்தாந்தெர் நகரின் மனநலக் காப்பகத்தில் அடைத்து, வலிப்பை வரவழைக்கும் ஊசிகளைப் போட்டார்கள். அங்கிருந்து மீண்டு, லிஸ்பன், நியூயார்க் என்று அலைந்து மெக்சிகோ போய்ச் சேர்ந்தார்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மெக்சிகோவில் ஹங்கேரியப் புகைப்படக்காரர் சிகி வைஸை மணந்தார். அடுத்தடுத்து இரண்டு ஆண் குழந்தைகள். கையில் காசு இல்லை. தனி ஸ்டூடியோவுக்கு எங்கே போவது? சமையல், தொட்டில், ஓவியத் தாங்கி எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில். அவருக்குப் பிடித்த முறை டெம்பரா. முட்டையின் மஞ்சள் கருவில் வண்ணப் பொடியைக் குழைத்து வரைய வேண்டும். ஓவியத்துக்கும் முட்டை, பிள்ளைகளுக்கும் முட்டை!

அந்த வீட்டு வாழ்க்கை ஓவியத்தைக் கெடுத்ததா? இல்லை, உள்ளேயே வந்துவிட்டது. 1975ல் வரைந்த 'பாட்டி மூர்ஹெட்டின் மணம் கமழும் சமையலறை'யைப் பாருங்கள். மேஜையைச் சுற்றி அங்கி போட்ட விநோத உருவங்கள் வேலை செய்கின்றன. பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை வாத்து! கதை சொல்லி வளர்த்த அயர்லாந்துப் பாட்டியும் மெக்சிகோ அடுப்படியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. சமைப்பதை அவர் மட்டமாக நினைக்கவே இல்லை. தோழி ரெமேதியோஸ் வாரோவோடு சேர்ந்து விசித்திரமான சமையல் குறிப்புகளை எழுதிப் பார்ப்பாராம்.

தன் பிள்ளைகளுக்காக ஒரு நோட்டில் கதை எழுதிப் படமும் போட்டு வைத்தார். 'கனவுகளின் பால்' என்ற அந்தப் புத்தகத்தின் பெயரைத்தான் 2022 வெனிஸ் கலைக் கண்காட்சிக்கு வைத்தார்கள். லியோனோரா 2011லேயே, 94 வயதில் காலமாகியிருந்தார்.

எல்லாப் பெண்களும் லியோனோரா ஆகிவிட முடியாது என்பீர்கள். ஆக வேண்டியதில்லை. ஆனால் வரையும் நேரத்தை வெட்டிப் பொழுது என்று நாம் நினைப்பது நியாயமா? மாமியாருக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேட்கிறேன். வீட்டில் ஒரு மேஜையை, வரைய ஆசைப்படும் பெண்ணுக்கென்று ஒதுக்குங்கள். அதன் மேல் துணியை மடித்து வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்