எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றுங்கள், திறக்காதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எத்தனை ஜி.பி., ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, பிராசசர் எது என்றெல்லாம் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள். கேபினட்டின் பின்புறம் பவர் கார்டு செருகும் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்குப் பெயர் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டருக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் டி.சி. மின்சாரமாக மாற்றித் தருவது இதன் வேலை. ஒரு நாள் காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. அன்றுதான் இந்தப் பெட்டியின் நினைவு வரும்.

அன்று அந்தப் பெட்டியை என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நண்பர் ஒருவர் வீட்டில் கம்ப்யூட்டர் இயங்கவில்லை என்று ஒரு மெக்கானிக்கை அழைத்திருந்தார்கள். நானும் அப்போது அங்கே இருந்தேன். அவர் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி வைத்து, அதன் மூடியையும் திறந்து விட்டார். "கெபாசிட்டர்தான் சார் போயிருக்கு, ஐம்பது ரூபாய் வேலை" என்றார். "உள்ளே சார்ஜ் இருக்குமே தம்பி" என்றேன். "பிளக்கை எடுத்து அரை மணி நேரம் ஆச்சு சார்" என்று சொல்லிக் கொண்டே ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டார். பட்டென்று ஒரு சத்தம், ஒரு பொறி. ஸ்குரூ டிரைவரின் முனையில் சிறு பள்ளம் விழுந்து விட்டது. பிளாஸ்டிக் பிடி இருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நண்பரின் எட்டு வயது மகன் மேஜையின் மறு பக்கத்தில் மோவாயை ஊன்றி வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தான்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்து கொள்வது நல்லது. எஸ்.எம்.பி.எஸ். முதலில் 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது சுமார் 325 வோல்ட் டி.சி. கிடைக்கிறது. பவர் பாக்டரைச் சரி செய்யும் சர்க்யூட் உள்ள நல்ல வகைகளில் இது 400 வோல்ட்டைத் தொடும். இந்த மின்சாரத்தைக் கட்டை விரல் பருமனில் உள்ள பெரிய கெபாசிட்டர் சேமித்து வைத்துக் கொள்கிறது. பவர் கார்டை எடுத்த பிறகு இந்தச் சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி விட ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருப்பார்கள். அந்த ரெசிஸ்டர் கெட்டுப் போயிருந்தால்? அல்லது விலையைக் குறைக்க அதை வைக்காமலே விட்டிருந்தால்? சார்ஜ் அங்கேயே இருக்கும். வெளியிலிருந்து பார்த்து எந்தப் பெட்டியில் சார்ஜ் இறங்கி விட்டது, எதில் இறங்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் நம் கைக்கு வருவது கெட்டுப் போன பெட்டிதானே!

எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் ரிப்பேர் செய்யாமல் பெட்டியையே முழுதாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. இது வசதி படைத்தவர்களின் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். மின்சாரம் நின்றால் பெரிய இழப்பு வரும் இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து விட்டு முடிவு செய்யுங்கள்.

வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களில் சர்வர்களை ரேக் எனப்படும் இரும்புச் சட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தியிருப்பார்கள். ரேக்கின் அகலம் 19 அங்குலம். உயரத்தை யு என்ற அளவில் சொல்வார்கள். ஒரு யு என்பது 1.75 அங்குலம். அவ்வளவு தட்டையான சர்வரில்கூடப் பின்புறம் பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளைகள் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கும். ஒவ்வொன்றும் நீளமான டப்பா போல, ஒரு கைப்பிடி, ஒரு சிறிய தாழ்ப்பாள், ஒரு விளக்கு ஆகியவற்றுடன் இருக்கும். இதை மாட்யூல் என்கிறார்கள். சர்வரை நிறுத்தாமலே கெட்ட மாட்யூலை உருவி எடுத்து விட்டுப் புதியதைச் செருகலாம். இந்த வசதிக்கு ஹாட் ஸ்வாப் என்று பெயர்.

மாற்றும் முறை மிக எளிது. பச்சை விளக்கு எரிவது நல்லது. அணைந்திருப்பது அல்லது மஞ்சள், சிவப்பு நிறத்தில் எரிவது கெட்டது என்பது பொதுவான வழக்கம். கெட்ட மாட்யூலின் பவர் கார்டை முதலில் எடுக்க வேண்டும். தாழ்ப்பாளை அழுத்திக் கொண்டு கைப்பிடியைப் பிடித்து நேராக இழுத்தால் மாட்யூல் வெளியே வந்து விடும். தொட்டால் சுடும் என்பதால் உலோகப் பகுதியில் கை வைக்கக் கூடாது. அதே பார்ட் நம்பர் உள்ள புதிய மாட்யூலை 'டக்' என்று பூட்டிக் கொள்ளும் வரை தள்ளி, அதன் பிறகே கார்டைச் செருக வேண்டும். சில விநாடிகளில் பச்சை விளக்கு எரியும். ஸ்குரூ டிரைவரே தேவையில்லை. இவ்வளவு படித்த இன்ஜினியர்கள் இருக்கும் இடத்திலும் மாட்யூலைத் திறந்து கெபாசிட்டரை மாற்றுவது யாருடைய வேலையும் இல்லை. உள்ளே பயன்படுத்துபவர் சரி செய்யக் கூடிய பாகம் எதுவும் கிடையாது என்று லேபிளே ஒட்டியிருப்பார்கள்.

அங்கும் தவறு நடக்காமல் இல்லை. ஒரு சிறிய அலுவலகத்தில் சர்வரின் ஒரு மாட்யூல் கெட்டு மஞ்சள் விளக்கு எரிந்து கொண்டிருந்தது. சர்வர்தான் ஓடுகிறதே என்று பல வாரங்கள் யாரும் கவலைப்படவில்லை. கடைசியில் புதிய மாட்யூல் வந்தது. மாற்றப் போனவர் முன்புறம் நின்று பார்த்தபோது வலது பக்கம் என்று மனதில் வைத்துக் கொண்டு, ரேக்கின் பின்பக்கம் சுற்றிப் போய் வலது பக்கத்தில் இருந்ததை இழுத்து விட்டார். பின்னால் போனால் வலது இடதாகி விடும் அல்லவா? அவர் இழுத்தது நல்ல மாட்யூல். அந்த நொடியே சர்வர் நின்றது. அன்று கணக்கு எழுதிக் கொண்டிருந்தவர்களின் அரை நாள் வேலை போயிற்று. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் மாட்யூலைத் தொடுவதற்கு முன் அதன் விளக்கையும், அதில் செருகிய கார்டையும் விரலால் தொட்டுக் காட்டி, உடன் இருப்பவரிடம் வாய் விட்டுச் சொல்லி விட்டு இழுக்கிறார்கள். பார்க்கச் சிறு பிள்ளை விளையாட்டு போல இருக்கும்.

இனி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். இங்கு ஹாட் ஸ்வாப் கிடையாது. சர்வர் மாட்யூலின் இணைப்பு, மின்சாரம் இருக்கும்போதே செருகிக் கழற்றுவதற்காகவே செய்யப்பட்டது. நம் மதர்போர்டில் உள்ள 24 பின் கனெக்டர் அப்படிப்பட்டதல்ல. மின்சாரம் இருக்கும்போது அதைப் பிடுங்கினால் மதர்போர்டு போய் விடும். எனவே முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பலர் தவறு செய்வது இங்கேதான்.

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தால் மின்சாரம் நின்று விட்டது என்று அர்த்தமில்லை. 1995ல் இன்டெல் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். முறையில், பவர் கார்டு செருகியிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக் கொண்டே இருக்கும். முன்புறம் உள்ள பட்டன் வெறும் சைகைதான். சரி, சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்து விட்டேன் என்பீர்கள். உங்கள் வீட்டில் யு.பி.எஸ். இருக்கிறதா? சுவர் ஸ்விட்சை அணைத்தால் யு.பி.எஸ். பாட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டைக் கொடுக்கும். அதற்காகத்தானே அதை வாங்கினீர்கள்! எனவே எந்த ஸ்விட்சையும் நம்பாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதுகில் செருகியிருக்கும் கார்டையே பிடுங்கி, உங்கள் கண் முன்னே மேஜை மேல் வையுங்கள். பிறகு கம்ப்யூட்டரின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் எரியும் சிறிய விளக்கு அணைந்து விடும். அதுவே போதும்.

மற்றபடி வேலை சுலபம்தான். கனெக்டர்களைக் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். மதர்போர்டுக்கு 24 பின் கனெக்டர் ஒன்று, பிராசசர் அருகே 4 அல்லது 8 பின் கனெக்டர் ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கும் டிவிடி டிரைவுக்கும் தனித் தனியே. பக்கவாட்டில் உள்ள கிளிப்பை அழுத்திக் கொண்டு, ஒயரைப் பிடிக்காமல் கனெக்டரைப் பிடித்து இழுங்கள். கேபினட்டின் பின்புறம் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்குரூக்களை மட்டும் கழற்ற வேண்டும். பெட்டியின் மூடியில் வேறு ஸ்குரூக்கள் இருக்கும். அவை உங்களுக்கானவை அல்ல.

மாட்டும்போது ஒரு கனெக்டர் இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அது வேறு இடத்துக்கு உரியது. பிராசசருக்கான 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் ஒன்று போலவே இருக்கும். வலுக்கட்டாயமாகச் செருகினால் புகைதான் வரும். இப்போது கிடைக்கும் சில எஸ்.எம்.பி.எஸ்.களில் ஒயர்களைத் தனியாகக் கழற்றலாம். "பழைய ஒயர்தான் உள்ளேயே இருக்கிறதே, பெட்டியை மட்டும் மாற்றுவோம்" என்று நினைக்காதீர்கள். பெட்டி பக்கம் உள்ள பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், ஹார்ட் டிஸ்க்கும் அதில் உள்ள உங்கள் போட்டோக்களும் போய் விடும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115 / 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம் நாட்டில் அது 230ல்தான் இருக்க வேண்டும். 115ல் வைத்து ஆன் செய்தால் வெடி சத்தம் கேட்கும்.

புதிதாக வாங்கும்போது வாட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 450 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே உள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 15 ஆம்பியர் என்று இருந்தால், அந்த வழியில் கிடைப்பது 12 ஐ 15 ஆல் பெருக்கிய 180 வாட்ஸ்தான். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கேட்பது இந்த 12 வோல்ட்டைத்தான்.

ஒரு விஷயத்தில் பலர் எஸ்.எம்.பி.எஸ். மீது வீண் பழி போடுகிறார்கள். கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ். லீக் ஆகிறது என்று மாற்றி விடுகிறார்கள். புதியதிலும் அதே ஜிவ்! காரணம், உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் தகரப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய் விடும். இல்லாவிட்டால் கேபினட்டில் தங்கி உங்கள் விரலைத் தேடும். இதற்கு அழைக்க வேண்டியது கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அல்ல, எலக்ட்ரீஷியனை. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்து விட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே அதை விட்டு விடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். ரிப்பேர் செய்யும் தொழிலாளர்களை நான் குறை சொல்லவில்லை. சார்ஜை முறையாக இறக்கி, மீட்டரில் அளந்து பார்த்து, தனி டிரான்ஸ்பார்மர் வைத்துச் சோதிக்கும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் அதைத் தங்கள் பட்டறையில் செய்யட்டும். ஒரு ஃபேனுக்காக நானே ஒரு காலத்தில் இந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்பது என் அதிர்ஷ்டமே தவிர, திறமை அல்ல.

மாற்றி முடித்த பிறகு பழைய பெட்டியை என்ன செய்வது? பரணில் போட்டு வைக்காதீர்கள். பள்ளி புராஜெக்டுக்கு ஃபேன் வேண்டும் என்று பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவது அதுதான். மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் மூடி திறக்காமல் கொடுத்து விடுங்கள். அதுவரை பெட்டியின் மேல் 'கெட்டது, திறக்காதே' என்று மார்க்கர் பேனாவால் எழுதி, ஒயர்களைச் சுற்றிக் கட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நண்பர் வீட்டில் அப்படித்தான் எழுதி வைத்தோம். எழுதியது அந்த எட்டு வயதுப் பையன்.